பன்னிரண்டில் நாலு

அத்-பாஷியில் அன்று குளிர்
பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு.
பதினோரு டேப்லெட்டுகளைக் கம்பளியில் சுற்றி
மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.
சில்லிட்டால் பேட்டரி செத்துவிடும்.
மூன்று நாள் பயிற்சி, பதினாலு ஆசிரியர்கள்.
பதினொன்றைப் பதினாலு பேருக்குப் பிரித்தால் என்ன வரும்
என்று வாசலிலேயே கேட்டார் தொக்தோபெக், உடற்பயிற்சி ஆசிரியர்.
சண்டை வரும் என்று விடையும் அவரே சொன்னார்.

பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்கள்.
ஐந்தே நிமிடத்தில்
கடைசி பெஞ்சு தானாக உருவாகிவிட்டது.
வேதியியலும் ரஷ்ய மொழியும் அங்கே குசுகுசுத்தன.
"கவனிக்கிறீர்களா?" என்றேன்.
பதினாலு பேரும் ஒரே குரலில் "கவனிக்கிறோம்" என்றார்கள்,
எந்த ஊர்ப் பிள்ளைகளும் சொல்லும் அதே பொய்யாக.

புருல்ச்சா முதல் பெஞ்சு. கணக்கு. இருபத்தேழு வருடம்.
சாக்பீஸ் தின்று வறண்டுபோன அவர் விரலைத்
திரை விரலாகவே ஏற்கவில்லை.
தொட்டார். அழுத்தினார்.
விரலை மடக்கிக் கதவைப் போலத் தட்டினார்.
"வீட்டில் ஆள் இல்லை" என்றார்.
பிறகு பழக்கத்தில், நோட்டுப் பக்கம் புரட்டுகிறவராய்,
விரல்நுனியை நாக்கில் தொட்டு வைத்தார்.
திறந்துகொண்டது.

இரண்டாம் நாள், பின்னம்.
எட்டில் மூன்றும் நாலில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு?
நாலு நிறத்தில் நாலு கட்டங்கள்.
அவர் தொட்டது பன்னிரண்டில் நாலு.
மேலுள்ளதை மேலோடும் கீழுள்ளதைக் கீழோடும் கூட்டிவிடும்
ஐந்தாம் வகுப்பின் பழைய தப்பு.
"மறுபடி முயன்று பார்" என்றது டேப்லெட்.
மறுபடியும் பன்னிரண்டில் நாலு.
விரல் தடுமாறுகிறது என்று பக்கத்தில் போனேன்.
இடது கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.
மறுபடியும். மறுபடியும்.
ஏழு தடவை எண்ணினேன்.
பக்கத்து அறையில் பால் பொங்குகிறதா என்று
காது கொடுப்பவரைப் போல இருந்தார்.

"மூன்றாவது தடவையில்
என் குரலுக்குள் ஒரு முள் வந்துவிடும்" என்றார்,
யாரையும் பார்க்காமல்.
"நாலாவதுக்கு அளவுகோல்.
எர்மெக் என்று ஒரு பையன், இதே பன்னிரண்டில் நாலு.
ஐந்தாவது தடவை அவன் வாயைத் திறக்கவில்லை.
அப்புறம் அந்த வருடம் முழுக்கத் திறக்கவில்லை.
இப்போது கணவாயில் லாரி ஓட்டுகிறான்.
என்னைப் பார்த்தால் கையசைப்பான்.
நிறுத்தமாட்டான்."

அடுப்பில் நிலக்கரி ஒருமுறை சரிந்தது.
தொக்தோபெக்கிடம்கூட ஒரு வேடிக்கை இல்லை.

என் படிவத்தில் அவர் பெயருக்கு நேரே
சாதனத்தை இயக்கத் தெரிகிறது: ஆம்.
சரியான விடைக்கு வந்தார்: இல்லை.
குறிப்பு எழுத அரை விரல் நீளத்துக்கு ஒரு கோடு.
"மீண்டும் பயிற்சி தேவை" என்று எழுதினேன்.
அடித்தேன்.
அடித்தது அசிங்கமாக இருந்தது, அப்படியே விட்டேன்.

தேநீர் வேளையில் சொல்லிவிட்டேன்,
அந்தக் குரல் என்னுடையது என்று.
பிஷ்கெக்கில், ரஜாய்கள் தொங்கவிட்ட ஓர் அலமாரிக்குள்,
சளி பிடித்த மூக்கோடு ஒரே ஒரு தடவை சொன்னது.
சொல்லி முடித்து வெளியே வந்து
வீட்டுக்காரரோடு வாடகைக்காக போனில் கத்தினேன்.
மற்ற தடவையெல்லாம் அது தானாகச் சொல்லிக்கொள்வது.

கிண்ணத்தைக் கீழே வைத்தார்.
என் முகத்தை ஒரு விடைத்தாளைப் போலப் பார்த்தார்,
எங்கே மதிப்பெண் போடலாம் என்று.
"ஒரு தடவை" என்றார்.
"அதற்கு அது போதும்.
எனக்கு முப்பத்தொரு பிள்ளைகள்."

மூன்றாம் நாள் சான்றிதழ், கைதட்டல், ஒரு குழுப்படம்.
பொரித்த போர்சோக்கை என் பையில் திணித்தார்கள்,
சார்ஜர் வயர்களுக்கு நடுவில்.

விடியலில் வேன் கிளம்பவில்லை.
ஓட்டுநர் சாவியைத் திருப்பினார்.
இன்ஜின் இருமி அடங்கியது.
மறுபடி முயன்று பாருங்கள் என்றேன்.
திருப்பினார்.
மறுபடி என்றேன்.
திருப்பினார், உள்ளங்கையில் ஊதிக்கொண்டு,
என் பக்கம் திரும்பாமல்.
மறுபடி
என்றபோது எனக்கே கேட்டது.